ஒரு கூடை, இரண்டு அடைக்கோழி



பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பெட்டையும் ஓர்ப்படி வீட்டுப் பெட்டையும் ஒரே ஓலைக்கூடையில் அடைக்கு உட்கார்ந்துவிட்டனவாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. எந்த முட்டை யாருடையது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. பிரித்து வைக்கச் சொல்கிறார் மாமியார். பிரித்தால் இரண்டும் கூடையையே சுற்றிச் சுற்றி வந்து கத்துகின்றன. விடுவதா, பிரிப்பதா என்று கேட்கிறார்.

விட்டுவிடுங்கள் சகோதரி என்பதுதான் என் பதில். ஆனால் சேர்ந்து உட்கார விட்டால் நமக்குக் கொஞ்சம் வேலை கூடும். அந்த வேலை என்ன, அதை ஏன் செய்ய வேண்டும் என்று சொல்லவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கோழிக்காக ஒரு பக்கமா என்று சிலர் நினைக்கலாம். 2019-ல் எடுத்த கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் மொத்தம் 85 கோடி கோழியினங்கள். மாநிலங்களில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 12 கோடிக்கும் மேல். நம் கணக்கில் பெரும்பங்கு நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளால் வந்தது, உண்மைதான். ஆனால் வீட்டு வாசலிலும் புழக்கடையிலும் மேய்கிற கோழிகள் மட்டும் நாடு முழுக்க 31 கோடியைத் தாண்டின. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட சுமார் 46 சதவீதம் அதிகம். பண்ணை முட்டை தெருவுக்குத் தெரு கிடைக்கிற இந்தக் காலத்திலும் வீட்டுக்கோழி குறையவில்லை, கூடியிருக்கிறது. யார் வளர்க்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

பழவேற்காட்டு மீனவ ஊர்களில் இதற்கு இன்னும் ஒரு கனம் உண்டு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில். முகத்துவாரத்தில் மணல் மூடிவிட்டால் படகு கடலுக்குப் போகாது, கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்கு வராது, வீட்டில் காசு புரளாது. புயல் சின்னம் என்றாலும் அதே கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தக் கரையோரம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த ஏரியில் மீன்பிடிக்கப் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. இன்ன இடத்தில் இன்ன நாளில் யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் சுற்றி வரும். ஆராய்ச்சியாளர்கள் தேடிவந்து படித்துப் பாராட்டிய ஏற்பாடு இது. நானும் பாராட்டுகிறேன். ஆனால் அந்த உரிமை ஆண்வழியாகத்தான் வருகிறது. 'பாடு' பட்டியலில் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

அவள் மீன் விற்கிறாள், கருவாடு காயவைக்கிறாள், பனையோலை பின்னுகிறாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்களும் அந்த ஏரியைச் சுற்றி உண்டு. இவ்வளவு உழைத்தும் யாரையும் கேட்காமல் விற்கவோ, கொடுக்கவோ, வைத்துக்கொள்ளவோ அவளுக்கு இருக்கிற சொத்து எது? பல வீடுகளில் அந்த நாலு கோழிதான். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீரென்று வந்த விருந்தாளிக்குக் குழம்பு, மகள் பிள்ளைபெற்று வந்தால் பத்தியச் சாப்பாடு, எல்லாம் அதிலிருந்துதான். அதனால்தான் இரண்டு கோழி ஒரு கூடையில் உட்காருவது வெறும் வேடிக்கையில்லை. இரண்டு பெண்களின் கைக்காசு அங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

கோழி ஏன் இப்படிச் செய்கிறது?

காட்டில் இருக்கும் அதன் சொந்தக்காரர்கள் இப்படிச் செய்வதில்லை. காட்டுக்கோழி புதருக்கடியில் மறைவாக, தனியாக முட்டையிட்டுத் தனியாகவே அடைகாக்கும். வீட்டுக்கோழியின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. அதோடு நம் பக்கத்து ரத்தமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. கோழிக்காலின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2008-ல் கண்டுபிடித்தார்கள். உங்கள் வாசலில் மஞ்சள் காலோடு நடக்கும் பெட்டையை அடுத்த முறை பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. குப்பத்து வீட்டில் மறைவான இடம் எத்தனை இருக்கும்? அடுப்படி மூலையில் ஒரு கூடை, படகுச் சாமான் வைக்கும் கொட்டகையில் ஒரு பழைய டிரே. அவ்வளவுதான். அதிலும் கோழிக்கு ஒரு குணம் உண்டு. ஏற்கெனவே முட்டை கிடக்கிற இடத்தில்தான் அது முட்டையிட விரும்பும். ஒன்று இட்ட கூடையில் இன்னொன்றும் இடுகிறது. பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் முட்டைகளைத் தொட்டுக்கொண்டே உட்காருகிற உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. முட்டையிடுவது நிற்கிறது. மார்பில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரிகிறது, அந்தச் சூடு நேராக முட்டைக்குப் போகிறது. கையை நீட்டினால் உடம்பைச் சிலிர்த்து உறுமுகிறது. ஒரே நாள் கணக்கில் முட்டையிட்டு வந்த இரண்டு கோழிகளுக்கும் இது ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிட்டால், இரண்டும் அந்தக் கூடையைத் தன் கூடு என்றுதான் நினைக்கும். எதை நாம் பிரிப்பது?

சேர்ந்து உட்காருவதில் லாபம் உண்டு. அடைக்கோழி நாளுக்கு ஒரு தரம்தான் இறங்கும். தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டு அவசரமாக ஓடிவரும். தனிக்கோழி என்றால் அந்த நேரம் முழுக்க முட்டை காற்றில் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் ஏரிக்காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு கோழி இருந்தால் ஒன்று இறங்கும்போது மற்றது முட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 21 நாளும் சூடு விடாது.

உண்மையான லாபம் குஞ்சு பொரித்த பிறகுதான் தெரியும். பழவேற்காட்டில் கருவாடு காயும் களத்துக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். செம்பருந்து, கரும்பருந்து, காக்கை, ஒன்று போனால் ஒன்று வட்டமிடும். மீனைத் தேடி வந்ததுதான். ஆனால் திறந்த மணலில் ஓடுகிற கோழிக்குஞ்சு கண்ணில் பட்டால் விடுமா? கரைக்கு வருகிற பூனைகள் வேறு. உள்நாட்டுக் கிராமத்தில் மரமும் வேலியும் புதரும் இருக்கும், குஞ்சு ஓடி ஒளியும். மணல்மேட்டுக் குப்பத்தில் ஒளிய இடம் தாயின் இறக்கை மட்டுமே. பன்னிரண்டு பொரித்து நான்கு மிஞ்சியது என்று சொல்கிற பெண்கள் அங்கே சலித்துக்கொள்வதுகூட இல்லை. அதுதான் வழக்கம் என்று பழகிவிட்டார்கள். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

இரண்டு தாய் இருந்தால் கணக்கு மாறும். ஒன்று தலை குனிந்து கிளறும்போது மற்றது தலை நிமிர்ந்து நிற்கும். வானத்தில் வருவதற்கு ஒரு சத்தம், தரையில் வருவதற்கு வேறொரு சத்தம் என்று கோழிகளுக்குத் தனித்தனி எச்சரிக்கை உண்டு. விஞ்ஞானிகள் பதிவு செய்து பார்த்து உறுதிப்படுத்தியது இது. யார் கொடுத்த சத்தம் என்று குஞ்சு பார்க்காது, கேட்டவுடன் பக்கத்தில் இருக்கிற இறக்கைக்குள் ஓடும். ராத்திரியிலும் அப்படித்தான். முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பதினெட்டு குஞ்சு இருந்தால் ஒரு கோழியின் இறக்கைக்குள் எல்லாம் அடங்காது, ஓரத்தில் இருப்பது விறைத்துப் போகும்.

இதே ஏரிக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் பூநாரைகள் வருகின்றன. நாம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அவை கட்ச் பக்கத்து உப்பு வெளிகளில் குஞ்சு பொரிப்பவை. அங்கே குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து, சில பெரிய பறவைகளின் காவலில் விட்டுவிட்டு மற்றவை இரைதேடப் போகும். பெருங்கூட்டத்துக்கு ஒரு பால்வாடி! கோழி அந்த அளவுக்குப் போகாது. ஆனால் நம் வீட்டு முற்றத்தில் இரண்டு தாய் சேர்ந்து பிள்ளை வளர்ப்பதைப் பார்க்க நாம் கட்ச்சுக்குப் போக வேண்டியதில்லை.

கோழிக்குப் பாசம் என்பதெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது என்று சிலர் சொல்வார்கள். 2011-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். தாய்க்கோழியின் கண்ணெதிரே குஞ்சுகள்மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள், இறகு கலையும் அளவுக்குத்தான். குஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாய்க்கோ இதயத் துடிப்பு கூடியது, உடம்பைக் கோதுவதைக் குறைத்து நிமிர்ந்து நின்றது, குஞ்சைக் கூப்பிடும் சத்தம் அதிகமானது. நம் பாட்டிமார்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. இருந்தாலும் எழுதி வைத்திருப்பது நல்லது. அடைக்கோழியின் 'அடையைத் தெளிய' வைக்கிறேன் என்று அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்குத் துளையில் இறகைச் செருகுவதும் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். முட்டை இல்லை, அடைவைக்க முடியாது என்றால் அடியில் காற்றோடுகிற கம்பிக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் தானே தெளிந்துவிடும்.

சரி, சேர்ந்து உட்கார விட்டாயிற்று. இனி நம் வேலை.

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்று கேட்போம் இல்லையா? ஒரு கோழிக்கு அது சரி. குறுகலான கூடையில் இரண்டு கோழி முண்டினால், அன்று பொரித்த ஈரக் குஞ்சு மிதிபட்டுச் சாகும். முட்டையும் உடையும். ஆகவே முதலில் இடம். ஆழமான கூடையைவிட அகலமான, தாழ்ந்த விளிம்புள்ள பெட்டி நல்லது. மீன் டிரேயே போதும், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. அடியில் உலர்ந்த மணல் ஒரு கை, கொஞ்சம் அடுப்புச் சாம்பல், மேலே வைக்கோல். சாம்பல் செல் பிடிக்காமல் காக்கும். இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் வைத்தால் இடி இடித்து முட்டை கெடாது என்பார்கள் பெரியவர்கள். இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வைப்பதால் கெடுதலும் இல்லை. வைக்கிற பாட்டியைத் தடுக்காதீர்கள். தெர்மகோல் ஐஸ் பெட்டி மட்டும் வேண்டாம். கரையில் உடைந்து கிடப்பதை எடுத்துக் கூடாக்கினால் கோழி அதையே கொத்தித் தின்னும்.

அடுத்தது தேதி. இரண்டு கோழியும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நடுவில் இன்னொரு பெட்டை வந்து புது முட்டை இட்டுவிட்டுப் போகும். அது சில நாள் பின்தங்கிய முட்டை. மற்றவை பொரித்ததும் இரண்டு தாயும் குஞ்சுகளோடு இறங்கிப் போய்விடும். முக்கால்வாசி வளர்ந்த கரு கூட்டிலேயே குளிர்ந்து செத்துப்போகும். பார்க்கவே சங்கடமாக இருக்கும். அதனால் அடைவைக்கிற அன்று ராத்திரியே எல்லா முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், கரித்துண்டானாலும் சரி. கோடில்லாத முட்டை தினமும் ஆம்லெட்டுக்குப் போகட்டும்.

முட்டை எத்தனை? ஒரு கோழி பத்துப் பன்னிரண்டைத்தான் நன்றாக மூடும். இரண்டு கோழி என்பதால் இருபத்தைந்து வைக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஒன்றிடமிருந்து ஒன்று அலகால் இழுக்கும்போது ஓரத்தில் சில தங்கிக் குளிரும். இருபதோடு நிறுத்துங்கள். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கும் முட்டையாகப் பார்த்து வையுங்கள். கத்திரி வெயில் நேரத்தில் வைக்கவே வேண்டாம். அந்த வெயிலில் முட்டை கூட்டுக்குப் போகும் முன்பே உள்ளே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும்.

ஏழெட்டு நாள் கழித்து இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு கிளைவிட்டுத் தெரிந்தால் கரு உண்டு. வெறும் மஞ்சள் நிழல் என்றால் எடுத்துவிடுங்கள். கூமுட்டை கூட்டுக்குள் வெடித்தால் நாற்றத்தோடு நோயும் பரவும்.

தீனியில் நம் குப்பத்துக்கு ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. நொய் மட்டும் போட்டால் குஞ்சு வளராது, புரதம் வேண்டும். இறால் தலையும் நெத்திலித் துணுக்கும் காயவைத்து இடித்தால் கடையில் வாங்குகிற தீவனத்துக்கு ஈடாகும். கிளிஞ்சலை நொறுக்கிப் போட்டால் முட்டை ஓடு கெட்டியாகும், ஏரிக்கரையில் அதற்குப் பஞ்சமா? ஆனால் உப்புக் கருவாட்டை அப்படியே போட்டுவிடாதீர்கள். உப்பு குஞ்சுக்கு விஷம், தண்ணீராகக் கழிந்து சாகும். அலசிக் காயவைத்துப் போடுங்கள். விற்கிற முட்டை கவுச்சி அடிக்காமல் இருக்கப் பெரிய கோழிக்கும் மீனை அளவாகவே கொடுங்கள். இன்னொன்று வலை. மேலே பழைய வலையைக் கட்டினால் பருந்துக்கு நல்ல தடை. தரையில் கிடக்கிற நைலான் துண்டு குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டு விரலையே அறுத்துவிடும். பெருக்கி எடுத்துவிடுங்கள்.

எல்லாக் கோழியும் ஒத்துப்போகும் என்று நான் சொல்ல வரவில்லை. கோழிகளுக்குள் யார் பெரியவள், யார் சின்னவள் என்ற வரிசை உண்டு. ஒரே முற்றத்தில் சேர்ந்து வளர்ந்தவை, அக்கா தங்கை, தாய் மகள் என்றால் பெரும்பாலும் சண்டையில்லை. வெளியூர்ச் சந்தையில் வாங்கிவந்த கோழியைப் போய்ப் பழைய அடைக்கோழியின் பக்கத்தில் உட்காரவைத்தால் ரத்தம் பார்க்கும். பொரித்த முதல் இரண்டு நாள் கவனியுங்கள். ஒரு தாய் மற்றதன் குஞ்சைக் கொத்தினால், தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் விடாமல் விரட்டினால், அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். தயங்காதீர்கள். அந்த இரண்டு நாளுக்குள் இரண்டும் எல்லாக் குஞ்சையும் தன்னுடையது என்று ஏற்றுவிட்டால் பிறகு தொல்லை இருக்காது.

எல்லாக் குஞ்சையும் ஒரு கோழியிடம் விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துவிடலாமே, அது சீக்கிரம் மறுபடி முட்டையிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நாட்டுக்கோழி குஞ்சு மேய்க்கிற இரண்டு மாதமும் முட்டையிடாது. இரண்டு கோழியையும் மேய்க்க விட்டால் ஒரு ஈடு முட்டை நமக்குப் போகிறது. சுற்றிலும் வேலியும் மரமும் உள்ள வீடென்றால் நானும் அப்படித்தான் செய்யச் சொல்வேன். பருந்து வட்டமிடும் மணல்மேட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டைக்காக ஏழெட்டு குஞ்சை இழப்பது எந்தக் கணக்கில் லாபம்? ஒரு விடலைக்கோழி விற்கிற விலை உங்களுக்கே தெரியும்.

இந்த அடைக்கோழிக்கு வேறொரு மதிப்பும் வந்திருக்கிறது. நந்தனம் கோழி, வனராஜா போன்ற மேம்பட்ட இனங்களைப் பலர் வாங்கி வளர்க்கிறார்கள். முட்டை நிறைய இடுகின்றன, நல்லதுதான். ஆனால் அடைக்கு உட்காருவது அபூர்வம். பண்ணைக்காக ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்து வளர்த்த வெள்ளை லெகார்னுக்கோ அந்தக் குணமே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. அவற்றின் முட்டையை இன்குபேட்டரில் வைக்கலாம். மின்சாரம் போனால் என்ன செய்வது? புயல் மாதத்தில் குப்பத்தில் எத்தனை நாள் கரண்ட் இருக்கும்? அடைக்குணம் உள்ள நாட்டுப் பெட்டை இரண்டையாவது வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை விற்றுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

இப்போது கடிதத்தில் இருந்த கஷ்டமான பகுதி. முட்டை கலந்துவிட்டது, குஞ்சை எப்படிப் பிரிப்பது?

நம் ஊர்களில் கோழியை வாரத்துக்கு விடுவது புதிதல்ல. என் கோழி, உன் வளர்ப்பு, குஞ்சு பாதிப் பாதி. அதே வழியில் போங்கள். முட்டை கலந்த பிறகு கருப்புக் குஞ்சு எனது, சிவப்புக் குஞ்சு உனது என்று நிறம் பார்த்துப் பிரிப்பதில் அர்த்தமில்லை. சேவல் ஒன்றுதானே தெருவுக்கே! பொரித்தவுடன் பிரிக்கவும் வேண்டாம், அப்போது பிரித்தால் இரண்டு தாய் என்ற லாபமே போய்விடும். எட்டு வாரம் சேர்ந்து மேயட்டும். தீனியும் மருந்தும் இரண்டு வீடும் பாதி போடட்டும். அதுவரை செத்ததும் பருந்து கொண்டுபோனதும் பொதுக்கணக்கு. பிறகு மிஞ்சியதை எண்ணிச் சரிபாதி. ஒற்றையாக ஒன்று நின்றால்? அதை அந்த மாமியாருக்குக் கொடுத்துவிடுங்கள். பிரிக்கச் சொன்ன வருத்தமும் தீரும்.

கடைசியாக, பயப்பட வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். சேர்ந்து வளர்த்தால் நோயும் சேர்ந்தே பரவும். வெள்ளைக்கழிச்சல் ஒரு குஞ்சுக்கு வந்தால் சில நாளில் கூட்டமே காலி. பருந்துக்குத் தப்பியதெல்லாம் கழிச்சலுக்குப் போவதைப் பார்த்த பெண்கள் மறுபடி அடைவைக்க மனமில்லாமல் கூடையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். இந்த நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி மட்டும்தான். ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு. எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இதற்காகவே ஊர் ஊராக முகாம் போடுகிறது.

இதை வைத்துக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கார்த்திகை பிறந்த கையோடு அடைவைத்தால் மார்கழிக்கு முன்பே பொரிக்கும். முகாம் வரும்போது எட்டு வாரம் ஆகியிருக்கும், ஊசிக்குச் சரியான வயது. புயல் மாதம் என்பதால் கூட்டை மட்டும் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி வையுங்கள், மழைத்தண்ணீர் புகாத இடமாகப் பார்த்து. இரண்டு வீடு சேர்ந்து வளர்க்கும்போது ஒரு வீடு ஊசி போட்டு ஒரு வீடு விட்டுவிட்டால் பயனில்லை. முகாமுக்குத் தெருவே சேர்ந்து போனால்தான் தெருக்கோழி பிழைக்கும்.

பறவைக் காய்ச்சலும் நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. ஏரிக்கு வடக்கே, நெல்லூர் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் கோழிகளுக்கு வந்தது. வலசைப் பறவைகள் இறங்கும் ஏரி இது. நீர்ப்பறவைகள் மேய்கிற சேற்றில் நம் கோழியை விடாதீர்கள். காரணம் தெரியாமல் கோழிகள் கும்பலாகச் செத்தால் ஏரியில் வீசிவிடாமல், குழம்பும் வைத்துவிடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கையால் தொடவும் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் இரண்டு கோழி ஒரு கூட்டில் அடைகாத்ததுண்டா? எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனை பொரித்தது, எட்டு வாரம் கழித்து எத்தனை மிஞ்சியது என்று எழுதுங்கள். கூட்டை எதில் அமைத்தீர்கள், பருந்துக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. கடலோரத்து வாசகிகளின் கடிதங்களை முதலில் படிப்பேன். நல்ல வழிகளைத் திரட்டி, கார்த்திகைக்கு முன்பாகவே வருகிற ஏதாவது ஓர் இதழில் போட்டுவிடலாம், இந்த ஆண்டு அடைவைக்கிறவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்